மாமாவுக்கு முட்டை கொடுக்கலாமா?

“பருப்பை நிறுத்தினேன்ல தம்பி, அதான். பட்டினி கெடந்து அடங்கிருச்சு.”

அத்தை இப்படிச் சொன்னபோது அவர் கையில் மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. நல்ல ரிப்போர்ட்தான். மூளையில் சந்தேகப்பட்ட இடத்தில் மருந்து பெரிதாக ஏறவில்லை, கட்டி திரும்ப வந்திருப்பதைவிடக் கதிர்வீச்சால் வந்த புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம், மூன்று மாதம் கழித்து இன்னொரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். வீடே மூச்சு விட்டது. எனக்கு மட்டும் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்னால், கட்டி எதைத் தின்னும் என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்த மூன்று வாரமும் மாமாவுக்குப் பருப்பு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. கஞ்சி, சுரைக்காய், பருப்புத் தண்ணீர்கூட விடாத ரசம். சர்க்கரையை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். அதற்கும் ஒருவகையில் எங்கள் தொழில்தான் பொறுப்பு.

நான் பெட் ஸ்கேனுக்கு, அதாவது ஊசியில் ஏற்றிய கதிரியக்கம் உடம்பில் எங்கே சேர்கிறது என்று படம் எடுக்கிற ஸ்கேனுக்கு, வேண்டிய கதிரியக்க மருந்து செய்கிற வேலையில் இருக்கிறேன். ஊரில் கேட்டால் ‘ஆஸ்பத்திரியில கெமிக்கல் வேலை’ என்பார்கள். தப்பில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு சைக்ளோட்ரான், அதாவது அணுத்துகள்களை வேகமெடுக்க வைக்கிற இயந்திரம், ஓடும். ஆக்ஸிஜன்-18 செறிந்த இரண்டு மூன்று மில்லி தண்ணீரைப் புரோட்டான்கள் மோதி அதில் ஃப்ளூரின்-18 பிறக்கும். ஈயச் சுவருக்குப் பின்னால் அதைப் பிடித்து, உலர்த்தி, ஒரு மூலக்கூறில் கோத்து, சுத்தம் செய்து, வடிகட்டி, குப்பியில் அடைத்துக் கொடுக்க வேண்டும். ஃப்ளூரின்-18க்கு அரை ஆயுள், அதாவது பாதி கரைந்துபோக ஆகும் நேரம், 110 நிமிடம். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கொஞ்சம் கரைந்திருக்கும். நோயாளியை நான் பார்ப்பதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஊசி போடுகிறார்கள், இந்தப் பக்கம் நான் பிஎச் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாமா வந்த அன்றுதான் முதல்முறையாக அந்தக் குப்பி யாருக்குப் போகிறது என்று தெரிந்து வேலை செய்தேன்.

மாமாவுக்கு க்ளையோமா, மூளையிலேயே பிறக்கிற ஒரு வகைக் கட்டி. ஆபரேஷன் முடிந்து, 30 தடவை கரண்டு (கதிர்வீச்சு) வைத்து, மாத்திரைகளும் முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்ட் மருந்து சேர்ந்து பளிச்சென்று தெரிவது, மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் அந்த இடத்தில் ஓட்டையாகியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். ஓட்டை போட்டது கட்டியா கதிர்வீச்சா என்று அது சொல்லாது. முதல் என்றால் மறுபடி ஆபரேஷன், கீமோ. இரண்டாவது என்றால் ஸ்டீராய்டும் பொறுமையும். வழக்கமான சர்க்கரை பெட் ஸ்கேன் இங்கே பெரிதாக உதவாது. மூளை முழுக்கவே சர்க்கரையில்தான் ஓடுகிறது. வெள்ளைச் சுவரில் வெள்ளைப் புள்ளியைத் தேடுகிற கதை. அதனால்தான் அமினோ அமில ஸ்கேன். எங்களிடம் அந்த மருந்தைத் தினமும் செய்வதில்லை, நாலைந்து நோயாளிகள் சேர்ந்தால் ஒருநாள் போடுவோம். அதற்குத்தான் மூன்று வாரக் காத்திருப்பு.

ஒரு வினைச்சொல்

அந்தக் காத்திருப்பின் முதல் நாளில் அத்தை போனில் கேட்டார், “இது என்ன மருந்துப்பா, சர்க்கரை ஊசியா?” நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன்: “இல்ல அத்தை, இது வேற. கட்டிக்கு வளரப் புரதம் வேணும்ல, அதோட சின்னச் சின்னத் துண்டு அமினோ அமிலம். அதுல கதிரியக்கத்தை ஒட்டி அனுப்புவோம். கட்டி இருந்தா அதைத் தின்னும், எங்களுக்கு வெளிச்சமாத் தெரியும்.” கூடவே, “ஊசிக்கு முன்னாடி நாலு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடக் கூடாது” என்றும் சொன்னேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால், கட்டி புரதத்தைத் தின்னும், ஆனால் ஊசிக்கு முன் சாப்பிடக் கூடாது என்கிற இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு புத்திசாலியான மனுஷி வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? நான் அவரைக் குறை சொல்லவே முடியாது. நான் கொடுத்த தகவலிலிருந்து அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டார்.

‘தின்னும்’ என்ற சொல் எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 1920களில் ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கட்டிச் செல்கள் சர்க்கரையை அள்ளிச் செலவழிப்பதைக் காட்டிய நாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆனால் சர்க்கரை பெட்டில் நாங்கள் கொடுப்பதே உண்மையான சர்க்கரை இல்லை. எஃப்டிஜி என்பது குளுக்கோஸில் ஒரே ஒரு இடத்தை மாற்றி ஃப்ளூரின் வைத்த போலி. செல் அதை உள்ளே இழுத்து முதல் படியைச் செய்யும், அடுத்த படிக்கு அது லாயக்கில்லை, அங்கேயே மாட்டிக்கொள்ளும். படத்தில் தெரிவது செரித்த சர்க்கரை இல்லை, செரிக்க முடியாமல் சிக்கியது. இதை ஆயிரம் தடவை வகுப்பில் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்தால் மட்டும் ‘கட்டி சர்க்கரையைத் தின்னும்’ என்று ஆகிவிடுகிறது. எத்தனை வீடுகளில் சர்க்கரை டப்பா ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ.

நிஜமான உணவு தோற்ற கதை

அமினோ அமிலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழமானது. ஏனென்றால் இந்தத் துறையை ஆரம்பித்தவர்களே உணவு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். 1961 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் மான்ட்டி ப்ளாவ், மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிற இடத்தில் செலீனியம்-75ஐ வைத்தார். கணையம் நொதிகளைச் செய்துகொண்டே இருக்கிற உறுப்பு, நொதி என்றால் புரதம், ஆகவே கணையம் இதை இழுக்கும் என்பது கணக்கு. இழுக்கவும் செய்தது. ஆனால் அந்தப் படத்தில் கணையம்தான் ஒளிரும், கட்டி இருக்கும் இடம் இருட்டாக இருக்கும். அதாவது கட்டியைப் பார்ப்பதில்லை, அது இல்லாத இடத்தைப் பார்த்து ஊகிப்பது. செலீனியம்-75ன் அரை ஆயுள் சுமார் 120 நாள், புரதத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவதால் உடம்பை விட்டு எளிதில் போகவும் போகாது. படமும் மங்கல். இருந்தாலும் அந்த ஆளின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்து 1980களில் ஸ்வீடனின் உப்சாலாவில் கார்பன்-11 மெத்தியோனின். இது போலியே இல்லை. மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவை அதன் கதிரியக்க உடன்பிறப்பால் மாற்றியது மட்டுந்தான். செல்லுக்கு வித்தியாசமே தெரியாது. மூளைக் கட்டிகள் அழகாகத் தெரிந்தன, எம்ஆர்ஐயில் பிடிபடாத ஓரங்கள்கூட. ஒரே சிக்கல், கார்பன்-11க்கு அரை ஆயுள் 20 நிமிடம். சைக்ளோட்ரான் இருக்கும் கட்டடத்திலேயே நோயாளியும் இருந்தாக வேண்டும். ஒரு தடவை செய்தால் ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு. அதோடு மெத்தியோனின் உடம்புக்குள் போய்ச் சும்மா இருப்பதில்லை. கார்பன்-11ஐச் சுமக்கிற மெத்தில் துண்டைக் கழற்றி வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிடும். சிறிது நேரம் கழித்துப் படத்தில் தெரிவது மெத்தியோனினா அதன் பிள்ளை குட்டிகளா என்று சொல்வது கஷ்டம். ஆராய்ந்து பார்த்தபோது அந்தப் படங்கள் பெரும்பாலும் காட்டியது புரத உற்பத்தியைக்கூட இல்லை, செல்லுக்குள் நுழைவதைத்தான் என்று தெரியவந்தது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹைன்ஸ் கோனன் குழுவினர் 1989ல் ஃப்ளூரோடைரோசின் ஒன்றைப் புரத உற்பத்தியைக் காட்டும் ட்ரேசர் (தடம் காட்டுகிற கதிரியக்க மருந்து) என்றே அறிமுகப்படுத்தினார்கள். டைரோசினின் வளையத்திலேயே ஃப்ளூரின், அதைச் செல் நிஜமாகவே புரதத்தில் கட்டிக்கொள்ளும். கொள்கையளவில் பிரமாதம். ஆனால் செய்வது பெரும் பாடு, கிடைப்பது கொஞ்சம்.

அப்புறம்தான் 1999. மியூனிக்கில் ஹான்ஸ்-யூர்கன் வெஸ்டர் குழுவினர் ஃப்ளூரோஎத்தில் டைரோசினை வெளியிட்டார்கள். நாங்கள் ஃபெட் என்போம். மாமாவுக்குப் போட்டது அதுதான். டைரோசினின் வால் பக்கம் இரண்டு கார்பன் நீட்டி அதன் நுனியில் ஃப்ளூரின். இந்த வால் இருப்பதாலேயே செல்லால் அதைப் புரதத்தில் சேர்க்க முடியாது. உள்ளே போகும், சிதையாமல் இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. அடுத்த சில ஆண்டுகளில் யூலிஷில் குர்ட் ஹாமாகரும் கோனனும் எஃப்டிஜி செய்கிற அதே மாதிரி இயந்திரத்தில் இதை வழக்கமாகச் செய்ய வழி கண்டார்கள். 1986ல் எஃப்டிஜி செய்முறையை எளிதாக்கியதும் இதே ஹாமாகர்தான். உலகத்தில் என்னைப் போல ஹாட் செல்லுக்கு, அந்த ஈயச் சுவர்ப் பெட்டிக்கு, முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் அந்த மனிதருக்குத் தினமும் ஒரு வணக்கம் வைக்க வேண்டும். 2005ல் யூலிஷ்–டூசல்டார்ஃப் குழு வெளியிட்ட ஆய்வில், 31 நோயாளிகளிடம் எடுத்த திசுக்களை வைத்து ஒப்பிட்டார்கள். எம்ஆர்ஐ மட்டும் என்றால், கட்டி இல்லாத திசுவைக் கட்டி இல்லை என்று சரியாகச் சொன்னது 53 சதவீதம். ஃபெட்டும் சேர்ந்தபோது 94. கட்டியைப் பிடிப்பதில் பெரிய மாற்றமில்லை, 96 என்பது 93 ஆனது. அதாவது இந்த மருந்தின் பெரிய உபகாரம் கட்டியைக் கண்டுபிடிப்பதைவிட, கட்டி இல்லாத இடத்தைக் கட்டி என்று பயப்படாமல் காப்பாற்றுவதில் இருக்கிறது. மாமாவின் கேஸ் மாதிரி. குறையும் உண்டு. வீரியம் குறைந்த கட்டிகளில் கணிசமானவை இதில் ஒளிர்வதே இல்லை.

சத்தான அமினோ அமிலங்கள் கைவிடப்பட்டோ சில மையங்களோடோ நின்றுவிட, சத்தே இல்லாத ஒன்று பல ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தது. இதே மாதிரி இன்னொன்றும் நடந்தது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்க் குட்மன், திமத்தி ஷூப் குழுவினர் நான்கு கார்பன் சேர்ந்த சதுர வளையத்தில் ஓர் அமினோ அமிலம் செய்தார்கள். உடம்புக்கு அதை உடைக்கவும் தெரியாது, கட்டவும் தெரியாது. செய்தது மூளைக் கட்டிக்காக. ஆனால் அது சிறுநீரில் மிக மெதுவாகத்தான் இறங்கியது. சிறுநீர்ப்பை ஒளிராவிட்டால் பக்கத்திலிருக்கும் ப்ராஸ்டேட் தெளிவாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போய், 2016 மே மாதம் அமெரிக்காவில் ஃப்ளூசிக்லோவின் என்ற பெயரில் திரும்பி வரும் ப்ராஸ்டேட் புற்றுக்கு அனுமதி வாங்கினார்கள். இப்போது ப்ராஸ்டேட் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கிற பிஎஸ்எம்ஏ ட்ரேசர்கள் வந்து அதையும் ஓரங்கட்டிவிட்டன. சரி, அது வேறு கதை.

வாசலில் நடப்பது

அத்தை ரிப்போர்ட்டோடு நின்ற அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ‘பட்டினி கெடந்து’ என்ற வார்த்தை காதிலேயே இருந்தது. என்னிடம் இருந்தது அறிவியல், அத்தையிடம் இருந்தது ரிப்போர்ட். ரிப்போர்ட் அவர் பக்கம். மூன்று வாரம் புரதத்தை நிறுத்தினார், ஸ்கேன் சுத்தமாக வந்தது. இதைவிட நேரடியான நிரூபணம் யாருக்குக் கிடைக்கும்? நான் என்ன சொன்னாலும், நன்றாகப் போய்க்கொண்டிருப்பதைக் கெடுக்க வந்தவன் மாதிரிதான் இருக்கும். இன்னொரு பக்கம், மாமாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மாதக்கணக்கில் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. முகம் ஊதி, தொடை சூம்பி, நாற்காலிக் கையைப் பிடித்து மூன்று தடவை முயன்றுதான் எழுந்து நின்றார். ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும் என்பது தெரிந்த விஷயம். அந்த உடம்பிலிருந்து முட்டையைப் பிடுங்கியது என் வாய்.

எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்தால், வினைச்சொல்லில். தின்னும் என்று சொன்னேன். நுழையும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபெட் செல்லுக்குள் போவது லாட்-1 என்ற வாசல் வழியாக. 1998ல் ஜப்பானில் யோஷிகட்சு கனாய், ஹிதோஷி எண்டோ குழுவினர் இதை அடையாளம் கண்டது எலியின் க்ளையோமா செல்களிலிருந்து, அதாவது மாமாவுக்கு வந்த கட்டியின் ஜாதியிலிருந்தே. இந்த வாசலுக்கு ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. உள்ளேயிருந்து ஓர் அமினோ அமிலம் வெளியே போனால்தான் வெளியேயிருந்து ஒன்று உள்ளே வர முடியும். கூட்டமான டவுன் பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏறலாம் என்பது மாதிரி. கட்டிச் செல்லில் இந்த வாசல்கள் ஏராளம். எத்தனை வாசல், எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் படத்தில் தெரிகிறதே தவிர, உள்ளே பந்தி நடக்கிறதா என்பது இல்லை. வாசல் பார்ப்பது ஆளின் சட்டையைத்தான், பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. அதனால்தான் வால் நீட்டிய டைரோசினையும் விடுகிறது. ஆனால் அதன் கண்ணாடி பிம்பத்தை, டி வடிவத்தை, பெரும்பாலும் விடாது. வலது கால் செருப்பில் இடது காலை நுழைக்கிற மாதிரி. ஒவ்வொரு பேட்சிலும் அந்த இடது கால் ஆசாமி எவ்வளவு கலந்திருக்கிறார் என்று பார்ப்பது என் வேலை.

நாலு மணி நேரப் பட்டினியின் காரணமும் அங்கேதான். இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டு வந்தால் ரத்தத்தில் சாதாரண அமினோ அமிலங்கள் பெருகி அதே வாசலில் வரிசையில் நிற்கும், எங்கள் ஆள் கூட்டத்தில் பின்னால் தள்ளப்படுவார், படம் மங்கும். பார்கின்சன் நோய்க்கு லெவோடோபா சாப்பிடுகிறவர்களிடம் சாப்பாட்டோடு போடாதீர்கள் என்று டாக்டர் சொல்வதும் ஏறக்குறைய இதே நெரிசலுக்காகத்தான். அது அன்று ஒரு காலைக்கான ஏற்பாடு. கட்டியைப் பட்டினி போடுவதற்கில்லை.

சமையலறையில்

மறுநாள் காலையில் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் வாசல், பஸ் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “சரிப்பா, வாசல்னே வெச்சுக்க. வாசல் வழியா போய் உள்ள ஒக்காந்து திங்கத்தானே செய்யும்?” என்றார். நியாயமான கேள்வி. கட்டிக்கும் அமினோ அமிலம் தேவைதான், அதை நான் மறுக்க முடியாது. நான் கட்டிய உவமையை அவர் ஒரே தட்டில் சாய்த்துவிட்டார்.

பிறகு கணக்குக்கு வந்தேன். “நாங்க ஊசில போட்டது எவ்வளவு தெரியுமா அத்தை? மைக்ரோகிராம் கணக்கு. கண்ணுக்கே தெரியாது. ஒரு முட்டைல டைரோசின் மட்டுமே கால் கிராம் இருக்கு. லட்சம் மடங்குக்கு மேல. நாங்க அனுப்புனது சாப்பாடு இல்ல, வாசல்ல எவ்வளவு கூட்டம்னு பாத்துட்டு வர ஒரு ஆளு.” இது கொஞ்சம் எடுபட்டது. கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப நான் நிறுத்துனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்கற?”

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். மாமாவுக்கு வந்த நோயில் அத்தையால் செய்ய முடிந்தது என்று இருந்ததே இது ஒன்றுதான். ஆபரேஷன் வேறு யாரோ செய்தார்கள், கரண்டு வேறு யாரோ வைத்தார்கள், மருந்தை நான் செய்தேன். சமையல் அவர் கையில் இருந்தது. அதில் ஒரு ஆயுதம் கிடைத்ததும் எடுத்துக்கொண்டார். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கூடத்தில் மாமா எழுந்திருக்க முயல்கிற நாற்காலிச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

“அத்தை, ரத்தத்துல அமினோ அமிலம் கொறைய ஒடம்பு விடாது. சாப்பாட்டுல வரலைன்னா தசையைக் கரைச்சு எடுத்துக்கும். கட்டி இருந்தாலும் அது பட்டினி கெடக்காது. மாமா தொடைல இருந்து போகும்.”

அத்தை கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கால்கள் குச்சி மாதிரி இருந்தன. அத்தை அதைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“முட்டை குடுக்கலாமா?”

“குடுக்கலாம்.”

“மஞ்சக் கருவோடயா?”

“மஞ்சக் கருவோட.”

“பருப்பு?”

“எல்லாம் அத்தை.”

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். முட்டை வீட்டில் இல்லை, மூன்று வாரமாக வாங்கவே இல்லை. என்னைக் கடைக்கு விரட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மாமாவின் குரல். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தேடித்தான் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“ஆஃ...பாயில். ரெண்டு.”